யாருடைய கையெழுத்து செல்லும்?

ஒரு மரப்பலகை. அதில் பத்துக் குழிகள். வட்டம், சதுரம், முக்கோணம், நட்சத்திரம், சிலுவை, அரைவட்டம் என்று ஒவ்வொரு குழியும் ஒரு வடிவம். அவற்றில் பொருந்தும் பத்து மரத்துண்டுகளை மூன்று அடுக்காக வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் குழந்தையிடம், "எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா எடுத்து வை, கண்ணு" என்கிறார் பரிசோதிப்பவர். கையில் ஸ்டாப்வாட்ச் ஓடுகிறது. மூன்று முறை செய்யச் சொல்கிறார். மூன்றில் குறைந்த நேரத்தைக் குறித்துக்கொள்கிறார். 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மருத்துவர் எட்வார்ட் செகனின் பெயரைத் தாங்கிய இந்தச் சோதனை, இந்திய மருத்துவமனைகளில் இன்றும் அன்றாடப் புழக்கத்தில் இருக்கிறது.

வெளியே பெஞ்சில் அம்மா காத்திருக்கிறார். மடியில் பிளாஸ்டிக் உறை போட்ட ஃபைல். உள்ளே எழுதப்படும் அறிக்கையை வைத்துத்தான் குழந்தைக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும், பராமரிப்பு உதவித்தொகையும், பிற்பாடு தேர்வுச் சலுகையும் கிடைக்குமா என்பது தீர்மானமாகும்.

பார்ப்பவர்களுக்கு இது விளையாட்டுபோலத் தோன்றும். பலகை, கடிகாரம், அட்டவணை இருந்தால் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாமே என்றும் தோன்றும். ஆனால் பயிற்சி பெற்றவர் கண்ணில் படுவது வேறு. சிலுவைத் துண்டை வட்டக் குழியில் வைத்து விடாமல் அழுத்திக்கொண்டிருக்கிற குழந்தை வேறு. சரியான குழிக்கு மேலே கையைக் கொண்டுபோய் நிறுத்தி, பரிசோதிப்பவர் முகத்தைப் பார்க்கிற குழந்தை வேறு. ஒன்றுக்கு வடிவம் பிடிபடவில்லை, மற்றதற்குப் பயம். வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டுவிட்டு வந்த குழந்தை தூக்கக் கலக்கத்தில் மெதுவாகச் செய்யலாம். காது சரியாகக் கேட்காத குழந்தைக்குச் சொன்னதே விளங்காமல் இருக்கலாம். காகிதத்தில் ஏறுவது ஓர் எண். அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லத் தெரிந்தவர்தான் உளவியலாளர். அப்படிப்பட்டவர் யார், அவர் கையெழுத்து எப்போது செல்லும் என்ற கேள்விக்கு நம் நாட்டுச் சட்டம் சொல்லும் பதில் பாதிதான். மீதிப் பாதி இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது.

எழுதப்பட்ட பாதியை முதலில் பார்ப்போம். 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டம் 'மறுவாழ்வுத் தொழிலர்கள்' என்று ஒரு பட்டியல் தருகிறது. செவித்திறன், பேச்சுப் பயிற்சி வல்லுநர்கள், சிறப்புப் பள்ளி ஆசிரியர்கள் ஆகியோரோடு மருத்துவ உளவியலாளரும், அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்டும், அதில் இடம்பெறுகிறார். கவுன்சில் ஏற்ற படிப்பை முடித்து, மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் ஏறியவர் மட்டுமே இந்தியாவில் இந்தத் தொழிலைச் செய்யலாம் என்கிறது 13ஆம் பிரிவு. பதிவில்லாதவர் அரசுப் பணியில் இருக்க முடியாது. சட்டப்படி தேவைப்படும் சான்றில் கையெழுத்துப் போட முடியாது. மாற்றுத்திறன் தொடர்பான வழக்கில் நிபுணராகச் சாட்சி சொல்லவும் முடியாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1992இல் எழுதிய 1,000 ரூபாய் அது. தனியார் கிளினிக்கில் ஒரு மணி நேரத்துக்கு இன்று அதைவிட அதிகமாக வாங்குகிறவர்கள் உண்டு.

உளவியலாளரின் உரிமம் ஏன் மறுவாழ்வுச் சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது? மனநல மருத்துவர் சுகாதாரத் துறையின் கீழ் வருகிறார். அவரோடு அதே வார்டில் வேலை பார்க்கும் மருத்துவ உளவியலாளரின் பதிவேடோ சமூக நீதி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் கவுன்சிலிடம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான பயிற்சிகளை முறைப்படுத்த 1986இல் ஒரு சங்கமாகப் பதிவு செய்யப்பட்டு, பிறகு சட்ட அந்தஸ்து பெற்ற அமைப்பு அது. மரப்பலகைக் குழந்தையின் வழியாகத்தான் உளவியலாளர் சட்டத்துக்குள் நுழைந்தார் என்று சொன்னால் பெரிய தவறில்லை. மனச்சோர்வு, பதற்றம், போதைப் பழக்கம், மணமுறிவின் துயரம் என்று அவரைத் தேடி வரும் மற்றவர்களெல்லாம் அந்தச் சட்டத்தின் கண்ணில் ஓரமாகத்தான் நின்றார்கள்.

தொழிலின் வரலாறு சட்டத்தைவிடப் பழையது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916இல் உளவியலுக்கெனத் தனித்துறை தொடங்கியது. 1922இல் அதே நகரில் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். ஆனால் நோயாளிகளோடு வேலை செய்வதற்கான முறையான பயிற்சி, நாடு விடுதலை பெற்ற பிறகே வந்தது. பெங்களூரில் 1954இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனம், அதாவது இன்றைய நிம்ஹான்ஸ், மறு ஆண்டே மருத்துவ உளவியலில் ஒரு பட்டயப் படிப்பை ஆரம்பித்தது. 1962இல் ராஞ்சி மனநல மருத்துவமனையும் அதைப் பின்தொடர்ந்தது. அந்தப் பட்டயம்தான் வளர்ந்து எம்.ஃபில். ஆயிற்று. பெயர் மாறினாலும் உயிர்நாடி மாறவில்லை. வகுப்பறையில் அல்ல, வார்டில் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை இது என்பதை அன்றே புரிந்துகொண்டார்கள்.

இவ்வளவு காலமும் இருந்துவந்த பாதை இதுதான். மூன்றாண்டு இளநிலை, இரண்டாண்டு முதுநிலை உளவியல், அதற்குமேல் கவுன்சில் அனுமதித்த நிறுவனத்தில் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். பள்ளி முடித்த பிறகு ஏழு ஆண்டுகள். முதுநிலையில் பொதுப் பிரிவினருக்குக் குறைந்தது 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். நுழைவுத் தேர்வும் நேர்காணலும் உண்டு. தமிழ்நாட்டில் போரூர் ஸ்ரீராமச்சந்திரா, முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கிய பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் போன்ற இடங்களில் இந்தப் படிப்பு நடந்துவந்திருக்கிறது. ஆசிரியர் எண்ணிக்கை, நோயாளர் வருகை ஆகியவற்றைப் பொறுத்தே இடங்கள் தரப்படுவதால் வகுப்புகள் சிறியவை, விண்ணப்பிப்பவர்களோ ஏராளம். இரண்டு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து முயன்று, கிடைக்காமல் வேறு வேலைக்குப் போனவர்களை இத்துறையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

முதலாண்டில் மனநோய்களின் உளசமூக அடிப்படை, மனநல மருத்துவம், புள்ளியியலும் ஆய்வு முறையும், கூடவே உளச் சோதனைகளில் செய்முறை. இரண்டாம் ஆண்டில் நடத்தையின் உயிரியல் அடிப்படை, உளசிகிச்சை, உடல்நோயும் மனமும் சேரும் இடத்தைப் படிக்கும் நடத்தை மருத்துவம், பிறகு ஓர் ஆய்வேடு. மனநல மருத்துவத்தைத் தனித் தாளாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் மனச்சோர்வு போலவே சோர்வும் மந்தமும் வரும். அதை அறியாமல் ஆறுமாதம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவர் நோயாளிக்குக் கெடுதல் செய்கிறார். மருந்து எழுத உளவியலாளருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் யாரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

பாடத்திட்டத்தைவிட முக்கியமானது, பயிலுநர் செய்வதை ஒருவர் பக்கத்திலிருந்து பார்த்துத் திருத்துவது. இதை ஓர் எடுத்துக்காட்டோடு சொன்னால்தான் விளங்கும்.

ஓர் இளைஞர் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருக்கின்றன. புறங்கைத் தோல் வெடித்திருக்கிறது. ஒரு நாளில் நாற்பது முறை கை கழுவுகிறார். "பஸ்ல கம்பியப் புடிச்சேன், எனக்கு ஏதாவது நோய் வந்துடுமா?" என்று கேட்கிறார். முதலாண்டுப் பயிலுநர் கனிவானவர். "ஒண்ணும் ஆகாதுங்க, கவலப்படாதீங்க" என்கிறார். இளைஞர் முகம் தெளிகிறது. பயிலுநருக்கும் நிறைவு. ஐந்து நிமிடம் கழித்து அதே கேள்வி இன்னொரு உருவத்தில் வருகிறது. மறுபடி ஆறுதல். மறுபடி தெளிவு. மேற்பார்வையாளர் அன்று மாலை பதிவுகளைப் பார்த்துவிட்டுக் கேட்பார்: "அவர் வீட்டில் குழாயைத் திறந்து கழுவுகிறார். இங்கே உன்னைத் திறந்து கழுவியிருக்கிறார். வித்தியாசம் என்ன?"

எண்ணச் சுழல் நோய் என்று சொல்லப்படும் ஓ.சி.டி.யில் ஆறுதல் வார்த்தையும் ஒரு கைகழுவல்தான். அப்போதைக்குப் பதற்றத்தைத் தணிக்கும். நோயை ஆழமாக வேரூன்றச் செய்யும். இதற்கென்று உள்ள சிகிச்சை, பயப்படும் பொருளைத் தொடவைத்து, கழுவாமல் இருக்கச் செய்து, பதற்றம் தானாக ஏறி இறங்குவதை நோயாளியே உணரும்வரை படிப்படியாக உடன் நிற்பது. கனிவு மட்டும் போதாத இடம் இது. கனிவே தீங்காக மாறக்கூடிய இடம். புத்தகத்தில் இது இரண்டு பத்தி. தன் வாயிலிருந்து வந்த "ஒண்ணும் ஆகாது" என்ற சொல்லை ஒருவர் சுட்டிக்காட்டிய பிறகே அது பயிலுநரின் உடம்பில் இறங்கும். நம் நாட்டில் மருத்துவ உளவியலாளராக நாடு தழுவிய உரிமத் தேர்வு எதுவும் கிடையாது. கவுன்சில் ஏற்ற படிப்பில் தேறுவதே தகுதி. ஆகவே நம் உரிமத்தின் மொத்த மதிப்பும் அந்த மாலைநேர மேற்பார்வையில்தான் தங்கியிருக்கிறது. அது ஒழுங்காக நடக்கிற நிறுவனத்தில் வாங்கிய பதிவெண்ணுக்கும், பெயருக்கு நடக்கிற நிறுவனத்தில் வாங்கிய பதிவெண்ணுக்கும் பதிவேட்டில் வேறுபாடு தெரியாது என்பது இந்த அமைப்பின் பலவீனம்.

பதிவு ஆயுள் முழுவதற்கும் உரியதல்ல. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கிடையில் தொடர்கல்விப் பயிற்சிகளில் கலந்துகொண்டு புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். ஓராண்டுத் தொழிற்பட்டயம் முடித்தவர்களுக்கு 'இணை' என்ற அடைமொழியுடன் ஒரு பதிவு தரப்பட்டது. அவர்கள் தனித்து இயங்காமல், முழுத் தகுதியுள்ளவரின் மேற்பார்வையில் பணிபுரிய வேண்டியவர்கள்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்தக் கையெழுத்தின் கனத்தைக் கூட்டியது. 2018 மே 29இல் அது நடைமுறைக்கு வந்தது. மருத்துவ உளவியலாளர் யார் என்பதற்கு மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரத்தையே அது அளவுகோலாக எடுத்துக்கொண்டு, மாநில மனநல ஆணையத்திலும் அவர் பதிந்துகொள்ள வகை செய்தது. தானாக முடிவெடுக்க இயலாத நிலையில் இருக்கும் ஒருவரை மனநல நிறுவனத்தில் சேர்க்க வேண்டுமென்றால், மனநல மருத்துவர் ஒருவரும், அவரைச் சாராமல் இன்னொருவரும் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். அந்த இன்னொருவர், பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளராக இருக்கலாம். அதாவது ஒரு மனிதர் வீட்டில் இருப்பதா, வார்டில் இருப்பதா என்பதை முடிவு செய்வதில் அவருக்கும் பங்குண்டு. இந்த அதிகாரம் எவ்வளவு பெரியது என்பதைத் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்த கொட்டகையில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் உயிரிழந்தார்கள். யாரும் கேள்வி கேட்காத கைகளில் மனநோயாளிகளை ஒப்படைத்ததற்கு நாம் கொடுத்த விலை அது.

எழுதப்படாத பாதி இனி.

'மருத்துவ உளவியலாளர்' என்ற பெயருக்குக் காப்பு இருக்கிறது. 'உளவியலாளர்' என்ற வெறும் பெயருக்கு இதுவரை நடைமுறையில் காப்பு இல்லை. 'கவுன்சிலர்', 'மனநல ஆலோசகர்', 'தெரபிஸ்ட்', 'லைஃப் கோச்' ஆகிய பெயர்களுக்கும் இல்லை. ஒரு வார இறுதியில் இணையவழிச் சான்றிதழ் வாங்கியவரும், பத்தாண்டு அனுபவமுள்ள முதுநிலைப் பட்டதாரியும் ஒரே மாதிரிப் பலகை மாட்டலாம். மாட்டுகிறார்கள். பலகையைப் பார்த்து உள்ளே போகும் குடும்பத்துக்கு எது எதுவென்று தெரிய வழியில்லை. பல பள்ளிகளில் ஆலோசகர் பணிக்கு உளவியல் பட்டம் இருந்தாலே போதும் என்ற நிலை. அதில் நேர்மையாகவும் திறமையாகவும் வேலை செய்பவர்கள் நிறைய உண்டு. அவர்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. அவர்களுடைய திறமையைச் சரிபார்த்துச் சான்று சொல்ல ஓர் அமைப்பு இல்லாததே என் குறை. நல்லவருக்கும் அது நட்டம்.

இதைச் சரிசெய்யவே 2021இல் தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம் வந்தது. அதன் அட்டவணையில் உளவியலாளர், நடத்தைப் பகுப்பாய்வாளர், பலவகை ஆலோசகர்கள், மனநலச் சமூகப் பணியாளர் எல்லோரும் இருக்கிறார்கள். மறுவாழ்வுக் கவுன்சிலின் கீழ் வரும் மருத்துவ உளவியலாளரை மட்டும் விலக்கிவைத்திருக்கிறது. ஆக ஒரே துறைக்கு இரண்டு அமைச்சகங்கள், மூன்று சட்டங்கள். 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலங்கள் தத்தம் கவுன்சில்களை அமைப்பதில் காட்டிய சுணக்கத்தைப் பார்த்து, 2024இல் உச்ச நீதிமன்றமே காலக்கெடு விதிக்க வேண்டியிருந்தது. இந்தச் சட்டத்தைச் சுட்டிக்காட்டித்தான், 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலைக் கல்வியிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் எம்.எஸ்சி. உளவியல் படித்துவந்த பெண்களும் நடுவயதுக்காரர்களும் தமிழ்நாட்டில் எத்தனையோ பேர். அவர்களுக்கு இது வருத்தம்தான். ஆனாலும் அந்த முடிவு சரியானது. பலகைமீது குழந்தையின் கை தயங்குவதை அஞ்சலில் கற்க முடியாது.

சரியென்று சொல்ல முடியாத முடிவும் ஒன்று உண்டு. 2022 நவம்பரில் வந்த மானியக் குழு விதிமுறை எம்.ஃபில். பட்டத்தையே நாடு முழுவதும் நிறுத்தியது. தமிழிலோ வரலாற்றிலோ எம்.ஃபில். என்பது முனைவர் பட்டத்துக்கு முந்தைய ஒரு படி. மருத்துவ உளவியலில் அதுவே உரிமம். பெயர் ஒன்றாக இருந்ததால் இரண்டும் ஒரே கத்திக்கு இரையாயின. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்பு தருவதாக 2024 ஜனவரியில் அறிவித்தார்கள். அதற்குப் பதிலாக, இளநிலையிலிருந்தே தொடங்கும் மருத்துவ உளவியல் படிப்பு, முதுநிலை, சை.டி. என்ற முனைவர் நிலைத் தொழிற்படிப்பு என ஒரு புதிய ஏணியை மறுவாழ்வுக் கவுன்சில் அமைத்துவருகிறது. ஏணி மாறட்டும். வார்டில் செலவிடும் மணி நேரமும் மேற்பார்வையும் குறையாமல் இருக்கின்றனவா என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

மற்ற நாடுகள் இதைப் பல விதமாகத் தீர்த்திருக்கின்றன. அமெரிக்காவில் உரிமம் மாநிலங்களின் கையில். முதல் சட்டம் கனெக்டிகட்டில் 1945இல் வந்தது; கடைசியாக மிசௌரி 1977இல் இயற்றியது. அங்கே பொதுவாக முனைவர் பட்டம் வேண்டும். மேற்பார்வையில் செய்த பணி நேரத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். கலிஃபோர்னியாவில் அது 3,000 மணி நேரம். அதற்குமேல் நாலேகால் மணி நேரம் நடக்கும் 225 வினாக்கள் கொண்ட தேர்வு. பிரிட்டனில் 2009 முதல் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' போன்ற பெயர்களுக்குச் சட்டக் காப்பு உண்டு. வெறும் 'சைக்காலஜிஸ்ட்' அங்கேயும் திறந்தே கிடக்கிறது. 2010இல் நாடு தழுவிய பதிவு முறைக்கு மாறிய ஆஸ்திரேலியா அந்த வெறும் பெயரையும் சேர்த்துக் காத்தது. நமக்குப் பொருந்தும் பாடம் ஆஸ்திரேலியாவில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. நோயாளி அடைமொழியைப் பார்த்து வருவதில்லை. 'சைக்காலஜிஸ்ட்' என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்துத்தான் கதவைத் தட்டுகிறார்.

ஆள் பஞ்சம் இருக்கும்போது தகுதியை இறுக்குவது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நிம்ஹான்ஸ் தலைமையில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடந்த 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதோவொரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டது. சிகிச்சை தேவைப்படுவோர் நாட்டில் சுமார் 15 கோடிப் பேர் என்று மதிப்பிட்டது. நோய்க்கு நோய் மாறினாலும், சிகிச்சை கிடைக்காதோர் 70 விழுக்காட்டுக்கும் மேல். இத்தனை பேருக்கும் ஏழாண்டு படித்தவரே வேண்டுமென்றால் இந்த நூற்றாண்டில் முடியாது. முதல்நிலை ஆறுதலும் அடையாளம் காண்பதும் கிராமச் செவிலியரும் பள்ளி ஆசிரியரும் பயிற்சி பெற்ற ஆலோசகரும் செய்யக்கூடியவை, செய்ய வேண்டியவை. ஆனால் பஞ்சத்தைப் போக்கும் வழி தகுதியைத் தளர்த்துவது அல்ல. ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலத் துறையிலும் மருத்துவ உளவியல் பயிற்சி இடங்களை உருவாக்கி, மேற்பார்வை செய்யும் ஆசிரியர் பணியிடங்களைத் தமிழ்நாடு அரசு நிரப்ப வேண்டும். நோயாளிகள் அங்கே ஏற்கெனவே வரிசையில் நிற்கிறார்கள். கற்பிக்கும் ஆள்தான் வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது ஒரு கேள்வி. ஆர்.சி.ஐ. எனப்படும் மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேட்டை அதன் இணையதளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். உங்கள் பிள்ளைக்கு அறிவுத்திறன் சோதனை எடுக்கிறவரிடமும், உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வாரம் ஒருமுறை உளசிகிச்சை தருகிறவரிடமும் முதல் நாளே அமைதியாகக் கேளுங்கள்: "உங்க ஆர்.சி.ஐ. நம்பர் என்னங்க? எங்க ட்ரெய்னிங் எடுத்தீங்க?" முறையாகப் படித்து வந்தவர் யாரும் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் எழுந்து வந்துவிடுங்கள். அவசரத்தில் யாரிடம் போவதென்று தெரியாவிட்டால், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமில்லாமல் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம்.